ஆற்றுத் தாடையில் ஒரு பல்

பல்லுக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் மூக்கு, கடைசியில்தான் வாய் திறக்கும். அன்று காலை வரிசை மாறிப் போய் வாய் முதலில் திறந்துகொண்டது.

"பொய்ப்பல்லா? நம்ம தாடையிலயா? யாரு சொன்னது, அந்த மியூசியம் அம்மாவா? போடு போனை, நான் பேசறேன்!"

மனைவி போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் கிண்ணம். பாதி கலந்த பிளாஸ்டர் மாவு அதற்குள் இறுகிக்கொண்டிருந்தது. மாவு கலந்த கையோடு அச்சில் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்தான். பட்டறைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கிண்ணம் மாவைக்கூட வீணாக்காதவள் அவள். அன்று கிண்ணம் கல்லானதையே அவள் கவனிக்கவில்லை.

"ஒரு பல்லு போலியாம். அதனால தாடையே சந்தேகமாம். இதுக்கு முன்னாடி நான் குடுத்ததை எல்லாம் அலமாரியிலேருந்து இறக்கி வெச்சுட்டாங்களாம். 'உங்ககிட்ட இதை எதிர்பாக்கலம்மா'ன்னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள வெச்சுட்டாங்க."

"எதிர்பாக்கலையா! சேத்துல குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தப்ப மட்டும் இனிச்சுதா? ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு ஒரு பொம்பளையைப் பார்த்துத் திருடிங்கறதா?"

"திருடின்னு சொல்லலை."

"பொய்க்காரின்னா என்ன, திருடின்னா என்ன? ரெண்டும் ஒரே தெருவுலதான் குடியிருக்கு."

இப்படிக் கத்திக்கொண்டே பட்டறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். கோபம் நியாயமான கோபம்தான். அதற்குள்ளே ஒரு சின்ன முள்ளும் இருந்தது. அது குத்தக் குத்தச் சத்தம் இன்னும் கூடியது.

அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே பல்தான் உலகம். அவர் உயிரோடு இருப்பவர்களுக்குப் பல்செட் கட்டுகிறவர். அவள் செத்துப் போனவைகளின் பல்லைத் தேடிப் போகிறவள். செத்து எவ்வளவு காலம் என்று கேட்டால் மியூசியத்து அம்மாவே விரலை மடக்க மாட்டார். கையை மட்டும் காற்றில் ஒரு தரம் பின்னால் வீசிக் காட்டுவார்.

வெயில் காலத்தில் ஆறு வற்றி ஓரமாக ஒதுங்கும். பாலத்துக்குக் கீழே திரும்புகிற வளைவில், போன வெள்ளம் கரையைச் சீவிவிட்டுப் போயிருக்கும். சீவிய இடத்தில் சாம்பல் நிறக் களிமண், அதற்குள் கூழாங்கல், நத்தை ஓடு, எப்போதாவது ஒரு எலும்பு. விடிந்து வெயில் சாய்வாக விழும் நேரம்தான் அவளுக்குக் கணக்கு. அப்போதுதான் ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். கல்லின் நிழல் கோணல்மாணலாக விழும். எலும்பின் நிழலில் ஒரு ஒழுங்கு இருக்கும். பட்டறையில் தினமும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பழகிய கண் அது. ஊரிலிருந்து வேறு யாராவது ஆற்றுக்குப் போனால் மீனோடு திரும்புவார்கள். இவள் கல்லாகிப்போன மீனோடு திரும்புவாள். "இதைச் சமைக்கவும் முடியாது, பூனைக்குப் போடவும் முடியாது" என்பார் பல்லுக்காரர். ஆனால் அவள் வர நேரமானால் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பவரும் அவர்தான்.

அவளுக்கு ஒரு முறை உண்டு. கண்டதும் பிடுங்க மாட்டாள். சுற்றிலும் மண்ணைத் தோண்டி, மண்ணோடு சேர்த்துத் துணியைச் சுற்றி, அதன்மேல் பட்டறை மாவைக் குழைத்துப் பூசி, கை உடைந்தவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி கொண்டுவருவாள். மியூசியத்து அம்மா முதன்முதலில் வந்தபோது சொல்லிக்கொடுத்தது அது. "கழுவாதீங்க. மண்ணுலதான் பாதிக் கதை இருக்கு" என்றிருந்தார். மாவு போகிற போக்கைப் பார்த்துப் பல்லுக்காரர் முணுமுணுப்பார். "உயிரோட இருக்கிறவனுக்கு இல்லாத கவனிப்பு!"

அப்படிச் சேர்ந்தவை மியூசியத்தில் ஒரு அலமாரித் தட்டு முழுக்க இருந்தன. தட்டுக்குக் கீழே கண்டெடுத்தவர் என்று அவள் பெயர். ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.  அந்த வாரம் முழுக்க மாவு கலக்கும்போது ஏதோ பாட்டு வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்டதற்கு, "எந்தப் பாட்டு?" என்றாள்.

இந்தத் தாடை எல்லாவற்றுக்கும் மேலே. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். பற்கள் வரிசையாக, கறுத்துப் பளபளத்து. தொலைபேசியில் அவள் விவரம் சொல்லக் கேட்டே மியூசியத்து அம்மாவின் குரல் மாறிவிட்டது. அப்படிப்பட்ட தாடை.

"அந்த அம்மாவுக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்?" பல்லுக்காரர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். "அந்தப் பல்லைப் பார்த்து ஒருத்தரும் போலின்னு சொல்ல முடியாது. நிறம் பார்த்தியா? தேய்மானம் பார்த்தியா? ஓரத்துல மயிரிழை வெடிப்பு, அது எவ்வளவு கச்சிதமா... எதுல கண்டுபிடிச்சாங்களாம்?"

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பல்லை?"

பல்லுக்காரர் நின்றார்.

"எந்தப் பல்லைச் சொல்றீங்க? அவங்க எந்தப் பல்லுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

இப்போதுதான் காது சிவந்தது.

நடந்தது இதுதான். அவளுடைய அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதில், அவள் அங்கே போய்த் தங்க வேண்டியதாயிற்று. தாடை மாவுக் கட்டோடு பட்டறை அலமாரியில் இருந்தது. மியூசியத்து அம்மா வேறு வேலையாக இந்தப் பக்கம் வருவதாகவும், வருகிற வழியில் மறுநாள் வாங்கிக்கொள்வதாகவும் தகவல் வந்தது. "குடுத்துடுங்க, பத்திரம்" என்று போனில் சொல்லிவிட்டாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். அவர்தான் அதில் இல்லாத நாலு சொல்லையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டார்.

மனைவியின் பெரிய கண்டுபிடிப்பு, சேறும் சகதியுமாகவா போவது? மாவுக் கட்டை அறுத்தார். பல் துலக்கும் பிரஷ் வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, இடுக்கு இடுக்காகக் கழுவினார். தாடை ஜொலித்தது. ஆனால் நடுவில் ஒரு பல் இல்லை. அடிக்கட்டை மட்டும் முறிந்து நின்றது. மத்தியானம் முழுக்க அந்த ஓட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டறையிலிருந்து ஓட்டைப் பல்லோடு இதுவரை ஒரு தாடையும் வெளியே போனதில்லை. கை சும்மா இருக்குமா? கட்டையைச் சின்ன மோட்டாரால் ராவி மட்டம் பண்ணினார். பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து அக்ரிலிக்கில் ஒரு பல் செய்தார். டீயில் ஊறவைத்துக் கறுப்பேற்றினார். ஒட்டினார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, தன் வாழ்நாளில் செய்ததிலேயே அதுதான் நல்ல பல் என்று தோன்றியது. நோயாளி வாயைத் திறந்து குறை சொல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய பல்லைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். அவரிடம் வருகிறவர்கள் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் அவராக முதலில் சிரிக்க மாட்டார். சிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். கணவனுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்ட மனைவிமாரும், மனைவிக்குத் தெரியாமல் கட்டிக்கொண்ட கணவன்மாரும் ஊரில் இருந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் தெரியாமல் கட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு பேச்சு வெளியே வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் இந்தப் பல்லையும் சொல்லாமலே கொடுத்து அனுப்பிவிட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் மனைவி.

"யார்கிட்டயும் சொல்றதில்லையே."

"நான் யாரோவா?"

"இல்லம்மா, நல்லா இருக்கட்டும்னுதான்..."

"யாருக்கு நல்லா இருக்க? அது என்ன பொண்ணு பார்க்கவா போகுது, பல்லு வரிசையா இருக்க? செத்த மிருகம் அது! ஓட்டைப் பல்லோட செத்துச்சு. ஓட்டைப் பல்லோடதான் கெடந்துச்சு. அத்தனை வெள்ளம் வந்து போச்சு, ஒண்ணும் அது மேல கை வைக்கல. நம்ம வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருந்துச்சு, அதுக்குள்ள நீங்க கை வெச்சுட்டீங்க!"

"ஒரு பல்லுதானே..."

"ஒரு பல்லு பொய்னா மத்த பல்லு நெஜம்னு யாரு நம்புவா? உங்க கடையில ஒருத்தன் ஒரு நோட்டு கள்ள நோட்டுக் குடுத்தா மத்த நோட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பீங்களா மாட்டீங்களா?"

 அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வந்திருந்தால் சமாளித்திருப்பார். அவள் கல்லான கிண்ணத்தை எடுத்துத் தரையில் ஒரே போடு போட்டாள். மாவு உருண்டை முழுசாக உருண்டு மேசைக்கடியில் போயிற்று.

சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். லாரி மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் கிண்டல். அன்று வாயில் கிண்டல் இல்லை.

"அக்கா, மியூசியம் ஜீப் டிரைவர் டீக்கடையில வாயை விட்டிருக்கான். ஊரே சிரிக்குது. பல்லுக்காரன் பொண்டாட்டி கல்லுக்குப் பல்லு கட்டி மியூசியத்தையே ஏமாத்தப் பார்த்தான்னு. நம்பாதவன் ஒருத்தன் இல்ல. பட்டறையே வெச்சிருக்காங்களேங்கறான்."

"ஏமாத்தினது உன் மாமாடா."

தம்பி அவரைத் திரும்பிப் பார்த்தான்.  "மாமா, உனக்கு வேற பொழுதே போகலியா?"

மறுநாள் காலை பல்லுக்காரர் சலூனுக்குப் போனார். ஊர் வாய் முழுக்க அங்கேதான் திறந்து மூடும். எல்லாரும் இருக்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவள் பேர் சுத்தமாகிவிடும். உள்ளே நுழைந்ததுமே பேச்சு நின்றது. அப்புறம் சைக்கிள் கடைக்காரர் ஆரம்பித்தார்.

"வாங்க வாங்க. என்ன, எங்க வீட்டு நாய் கூடக் கிழமாயிடுச்சு. கொண்டாரட்டுமா, தங்கச்சி ரெண்டு பல்லு வெச்சு மியூசியத்துல சேர்த்துடும்."

சலூன் அதிர்ந்தது. கண்ணாடியில் எல்லார் வாயும் தெரிந்தது. பல்லுக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரரின் முன்பல் நாலும் அவர் செய்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரே, மேல்செட்டு முழுசும் அவருடையது. முடிதிருத்துகிறவர் சிரிக்கும்போது மின்னுகிற கோரைப்பல்லுக்கு நிறம் பிடிக்க அவர் பட்ட பாடு! என் பல்லை வெச்சுகிட்டே என் பொண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறானுங்களே! காது, மூக்கு, கழுத்து எல்லாம் சிவந்தது. ஒரு வார்த்தை போதும். 'நீ சிரிக்கிற பல்லு எவன் வீட்டுப் பல்லு' என்று கேட்டால் அந்தச் சலூனில் ஒருவன் அதற்கப்புறம் வாய் திறக்க மாட்டான்.

வாயைத் திறந்தார். சைக்கிள் கடைக்காரரின் மனைவி கடையில் உட்கார்ந்திருக்கும் முகம் நினைவுக்கு வந்தது. அந்தம்மாவுக்குத் தெரியாது.

"அந்தப் பல்லை வெச்சது நான்" என்றார். "அவளுக்குத் தெரியாது. அவ ஊர்லயே இல்ல. நானா கழுவி, நானா வெச்சேன்."

சலூன் அமைதியானது. அந்த அமைதியில் ஒரு கனிவு இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மனுஷன்னா இப்படி இருக்கணும்யா" என்றார் தபால்காரர். "பொண்டாட்டி பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு பாரு."

"அய்யா, நெசமாவே நான்தான்!"

"சரிங்க, நீங்கதான். உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

திரும்பி வந்து விவரம் சொன்னபோது மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எப்படி நம்புவாங்க? இத்தனை வருஷமா யாருக்காவது பல்லு கட்டினியான்னு கேட்டா, இல்லவே இல்லைன்னு சூடம் அணைக்காத குறையா சாதிச்ச ஆளு. உங்க வாயிலேருந்து உண்மை வந்தா யாருக்கு அடையாளம் தெரியும்? கெளம்புங்க. மியூசியத்துக்குப் போவோம்."

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையை நடுவில் வைத்தாள். வழி நெடுக அந்தப் பை ஒரு மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்து வந்தது.

மியூசியத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் அந்த அம்மாவின் அறை. ஏசி எல்லாம் இல்லை. ஒரு பழைய மின்விசிறி காகிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. காகிதங்கள்மேல் எடைக்கு எலும்புகள். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. தாடை மேசைமேல் தட்டில் இருந்தது.

"மேடம், பல்லை வெச்சது நான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. "வீட்டுக்காரர் வந்து சொல்லாம யாரு வந்து சொல்வாங்க?"

"மேடம், ஒரு பல்லுதான் என்னுது. மத்ததை..." பல்லுக்காரர் தட்டிலிருந்த தாடையைப் பார்த்தார். இந்த வாக்கியத்தை அவர் எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. "மத்ததை என்னால செய்யவே முடியாது மேடம். அந்த மடிப்பெல்லாம் என் கைக்கு வராது."

"தெரியும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாச்சு. மத்தது நெஜம்தான்."

மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்போ?"

"நெஜமான தாடைதான். ஆனா இந்த ஆத்துத் தாடைங்கறதுக்கு என்ன சாட்சி? எங்கயோ வாங்கின எலும்புல ஓட்டையை அடைச்சு, எங்க ஊர்ல கெடைச்சதுன்னு கொண்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். ஒருத்தரை நம்பி நான் எழுதி, அப்புறம் எல்லாத்தையும் வாபஸ் வாங்கினேன். எனக்கும் ஒரு பேரு இருக்கும்மா. இந்த ஆத்துல இப்படி ஒரு மிருகம் இருந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. முதல்ல நான் சொல்லணும். மண்ணு ஒட்டியிருந்தா நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன். இவரு துடைச்சு வெச்சிருக்காரு பாருங்க, ஒரு துளி இல்ல."

"நீங்க சொல்லித்தானே மேடம் மண்ணோட எடுத்தேன்? நான் மாவு பூசிக் கொண்டு வந்தேனே! இந்த ஆளு அதை அறுத்து..." மனைவி கணவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "கேளுங்க மேடம், நல்லா கேளுங்க. நான் வீட்டுல கேட்டதெல்லாம் பத்தாது."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அந்த இடத்துல அடிக்கட்டை ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

"எங்கே?"

"ராவிட்டேன்."

மின்விசிறி ஒரு சுற்று முழுசாகச் சுற்றி வந்தது.

"ஏன்?"

"புதுப் பல்லு உக்காரணுமே."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முழுப் பல்லை நாங்க உடைச்சுப் பார்க்க முடியாதுங்க. தானா உடைஞ்ச பல்லு ஒண்ணு இருந்தா உள்ளே எப்படி வளர்ந்துச்சுன்னு அப்படியே தெரியும். எத்தனை வயசு, பஞ்சம் பார்த்துச்சா, என்ன தின்னுச்சு, எல்லாம் அந்தக் கட்டையில இருந்திருக்கும். அதைத்தான் பொடியாக்கியிருக்கீங்க."

பல்லுக்காரர் இதுவரை கோபத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அது காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. அந்த மிருகம் எங்கோ நின்று, கையைப் பிசைந்தபடி தன்னைப் பார்ப்பதாகப் பட்டது. மிருகத்துக்குக் கை ஏது என்று அவருக்கே தோன்றியது; ஆனாலும் பார்த்தது.

"ஒரு சிட்டிகை மண்ணு இருந்தாப் போதும்" என்றார் அந்த அம்மா, பாதி தனக்குள். "கரை மண்ணோட ஒத்துப் பார்த்துடலாம்."

மனைவி திடீரென்று கேட்டாள்: "எங்க வெச்சுக் கழுவினீங்க?"

"பட்டறையிலதான்."

"கொல்லைக் குழாயிலயா, தொட்டியிலயா?"

"தொட்டியில. சோப்பு அங்கதானே இருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டியாயிற்று. "மேடம், நாளைக்கே வாங்க. நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தரும் அந்தத் தொட்டியைத் தொட மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

பல்செட் பட்டறையில் கை கழுவுகிற தொட்டிக்கு அடியில் ஒரு வாளி உண்டு. தொட்டித் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போனால் மாவு குழாயிலேயே இறுகி அடைத்துவிடும். அதனால் தண்ணீர் முதலில் வாளியில் விழும். மாவும் மண்ணும் தூளும் அடியில் படியும். தெளிந்த தண்ணீர் மட்டும் மேலாக வழிந்து போகும். வாளி நிறைந்தால் மாற்ற வேண்டும். பல்லுக்காரர் அதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். அவருடைய சோம்பல் ஒரு நல்ல காரியத்துக்கு ஆனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மியூசியத்து அம்மா வந்து சேரும்வரை பல்லுக்காரர் பட்டறையில் தொட்டி இருந்தும் கொல்லைக்குப் போய்க் கை கழுவினார். தம்பி ஸ்பானரோடு வந்து குழாயைக் கழற்றினான். தண்ணீரை வடித்ததும் வாளியின் பக்கத்தை ரம்பத்தால் மேலிருந்து கீழாக அறுக்கச் சொன்னாள் மனைவி.

"மெதுவாடா! லாரி இல்ல அது."

ஒரு பக்கம் பிளாஸ்டிக் கழன்று வந்தது. உள்ளே இறுகிய கட்டி, வரி வரியாக நின்றது. ஆற்றங்கரையைச் சீவின மாதிரியேதான். அவள் தரையில் குப்புறப் படுத்து, கத்தி நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு மேலே வந்தாள். பல்லுக்காரர் குனியப் போனார்.

"நீங்க கையைக் கட்டிக்கிட்டு அங்க உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"இது வெறும் மாவு. இதுவும் மாவு. இந்த ரோஸ் கலரு பல்செட்டு ஈறு ராவின தூள்."

"யாரோட ஈறு மாமா?" என்றான் தம்பி.

"தெரியாது" என்றார் பல்லுக்காரர் உடனே.

"இதோ!" அவள் குரல் உயர்ந்தது. "மேடம், பாருங்க."

வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில், விரல் தடிமன்கூட இல்லாமல், சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அதற்குள் நத்தை ஓட்டின் துண்டு ஒன்று, அரிசி அளவுக்கு. சாம்பல் வரிக்கு நேர் மேலே கறுப்புப் பொடி லேசாகத் தூவினாற்போல். அதற்கும் மேலே தந்த நிறத்தில் அக்ரிலிக் தூள்.

மியூசியத்து அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புடவையில் மாவு ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. "மண்ணு முதல்ல. அப்புறம் கட்டையை ராவின பொடி. அப்புறம் பல்லு செஞ்ச தூள்." அவர் நிமிர்ந்து பல்லுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொன்ன வரிசை சரியாத்தான் இருக்கு. பண்ணின காரியம்தான் சரியில்ல."

அந்தக் கறுப்புப் பொடியை மனைவி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள், கொல்லைக் குழாயில்.

வாளி மண்ணும் கரை மண்ணும் ஒன்றுதான் என்று தகவல் வர நாளானது. வந்த அன்று அவள் மாவு கலந்துகொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சரி மேடம், சரி மேடம்" என்றாளே தவிர, கை நிற்கவில்லை. அச்சில் ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"எல்லாத்தையும் திரும்ப அலமாரியில வெச்சாச்சாம். தாடையும் வைக்கப் போறாங்களாம், தனிக் கண்ணாடிப் பெட்டியில. என் பேரோட."

"அப்பாடா!" என்று பல்லுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "என் பல்லைப் பிடுங்கிட்டாங்களா?"

"பிடுங்க முடியலையாம். இழுத்தா பக்கத்துப் பல்லு விரிசல் விடுதாம்."

"வராது. நான் ஒட்டினா ஒட்டினதுதான்." மார்பு தன்னை அறியாமல் விரிந்தது. அவள் பார்வையைக் கண்டதும் பழைய அளவுக்கு வந்தது.

"உங்க கலரு, பிரஷ்ஷெல்லாம் எடுத்துக்குங்க. கூப்பிட்டிருக்காங்க."

மியூசியத்தில் அதே அறை, அதே மின்விசிறி. சேர்த்த பாகம் எதுவோ அது பார்க்கிறவருக்குப் பளிச்சென்று தனியாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். மியூசியத்து அம்மா பொறுமையாகச் சொன்னார். பல்லுக்காரருக்கு முதலில் புரியவே இல்லை.

"தெரியணுமா? தெரியாம இருக்கறதுக்குத்தானே மேடம் பல்லு கட்டுறது?"

"இங்கே தெரியணும்."

"கொஞ்சமா, கிட்ட வந்து பார்க்கிறவங்களுக்கு மட்டும்..."

"குழந்தைங்க கண்ணாடியில மூக்கை வெச்சுப் பார்ப்பாங்க. தூரத்துலேருந்தும் பார்ப்பாங்க. எல்லாருக்கும் தெரியணும்."

பெட்டியைத் திறந்தார். ஆயுசு முழுக்கப் பக்கத்துப் பல்லோடு ஒத்துப் போகவே நிறம் கலந்த கை அது. வெளிர் பழுப்பு ஒன்றை எடுத்து மூடியில் தொட்டுக் காட்டினார்.

"இது?"

மனைவி தலையாட்டினாள். இல்லை.

"இந்த மஞ்சள்?"

"இல்ல."

"சாம்பல் நல்லா இருக்கும். கண்ணியமா இருக்கும்."

"உங்க கண்ணியம் யாருக்கு வேணும்?" அவள் பெட்டிக்குள் குனிந்து, அடியில் கிடந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். தவறுதலாக வந்து சேர்ந்து, எந்த வாய்க்கும் பயன்படாமல் கிடந்த நிறம். பச்சை. கிளிப்பச்சை.

"இதுவா?" பல்லுக்காரர் குரல் உடைந்தது. "இது அநியாயம். நான் செஞ்சதிலேயே நல்ல பல்லு அது. சத்தியமா. அதுக்குப் போய்..."

"நல்ல பல்லுதான்" என்றாள் அவள். "அதான் கோபமே. மோசமா செஞ்சிருந்தா அன்னிக்கே உதிர்ந்திருக்கும்."

மியூசியத்து அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

பல்லுக்காரர் பிரஷ்ஷைப் பச்சையில் தொட்டார்.  முதல் கோடு விழுந்தது. டீயில் ஊறவைத்து ஏற்றிய கறுப்பு மறைந்தது. மயிரிழை வெடிப்பு மறைந்தது. மற்றப் பற்களில் ஒரு துளி படாமல், ஓரம் பிசகாமல் பூசினார். பூசி முடித்து, பிரஷ்ஷைத் துடைத்து வைத்து, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போதுமா?"

மனைவி அறைக்கு வெளியே போனாள். தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போய், கடைசிக் கதவருகே நின்றது. அங்கிருந்து திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இங்கேருந்து சரியாத் தெரியல. இன்னொரு கை அடிங்க."